சின்னத் துரைக்கும் மேலே ஓர் எஜமான்

வாசகர் கேள்வி:

பாஸ்டர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 56. பால்மரம் நின்ற காலத்திலேயே அப்பாவோடு வெளிக்காட்டு வேலைக்குப் போனவன். பல வருஷமாக மண்டோர், அதாவது கங்காணி. போன வருஷம் புதிதாக ஒரு சின்னத் துரை (உதவி மேனேஜர்) வந்தார். நம்ம ஆள்தான், நம்ம சபைதான். என் மகன் வயதுதான் இருக்கும். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லார் முன்னாலும் என்னைக் 'கிழட்டு மாடு' என்று ஏசுகிறார். வங்காளதேசத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். அவன்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கும் நிலைமை எனக்கு. இப்போது மண்டோர் வேலையைப் பிடுங்கிவிட்டு உதிரிப்பழம் பொறுக்க விட்டிருக்கிறார். '55 தாண்டியாச்சு, சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணு' என்று ஒரு தாளையும் நீட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் முன்வரிசையில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறார். எனக்குத் திருவிருந்து எடுக்கவே மனசு வரவில்லை. 'அதிகாரமெல்லாம் தேவன் கொடுத்தது, அடங்கிப் போங்கள், சகோதரர்களுக்குள் கேஸ் கீஸ் வேண்டாம்' என்கிறார்கள் மூப்பர்கள். கர்த்தர் பார்த்துக்குவார் என்கிறாள் மனைவி. ஆள் வைத்து அடிக்கலாம் என்கிறான் மகன். லேபர் ஆபிசுக்குப் போனால் நான் விசுவாசம் இல்லாதவன் ஆகிவிடுவேனா? இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரைப் புல் தின்ன வைத்ததுபோல இவனையும் ஆக்கும் ஆண்டவரே என்று தினமும் ராத்திரி ஜெபிக்கிறேன். இந்த ஜெபம் தப்பா?

பதில்:

சகோதரரே, முதலில் அந்தத் தாள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டினாலும் போடாதீர்கள், 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்' என்று சிரித்துக்கொண்டே நீட்டினாலும் போடாதீர்கள்.

55 என்பது சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்று வைத்திருக்கும் வயது. வேலையை விட்டுப் போகும் வயது அது இல்லை. மலேசியாவின் 2012-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி தனியார் வேலையில் இருப்பவரை 60 வயதுக்கு முன்னால் வயதைக் காரணம் காட்டி முதலாளி ஓய்வில் அனுப்ப முடியாது. சின்னத் துரைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 'சொந்த விருப்பத்தில்' என்று உங்களையே எழுதச் சொல்வதைப் பார்த்தால், தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு 'அவராகவே போனார்' என்று சொல்வது சுலபம். மறுத்து நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

அவர்களாகவே வேலையை விட்டு நிறுத்தினால் வழி வேறு. நியாயமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்ற முறையீட்டை, நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள். 'ஜெபித்துக்கொண்டு இருந்தேன், நாள் போனது தெரியவில்லை' என்று வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்தில் ஆள்குறைப்பு என்று சொல்லி நிறுத்தினால், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம் முன்னறிவிப்பும், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளமும் கிடைக்க வேண்டும். உங்கள் சர்வீசுக்கு அது சின்னத் தொகை இல்லை. விலகல் கடிதம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்டோர் வேலையிலிருந்து ஏன் இறக்கினீர்கள், வீட்டை எந்தத் தேதிக்குள், எந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதற்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம்.

சரி, இப்போது மூப்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் காட்டியது ரோமர் 13. தேவனாலேயன்றி அதிகாரம் இல்லை என்று பவுல் எழுதியது உண்மை. ஆனால் அந்த அதிகாரத்தை இரவலாகத்தான் சொல்கிறார். தோட்டத்து ஸ்டோர் சாவி கிராணியின் (தோட்டத்துக் கணக்கரின்) இடுப்பில் தொங்கலாம், ஸ்டோர் அவருடையது ஆகிவிடாது. கணக்குக் கேட்க ஒருவர் மேலே இருக்கிறார். அதிகாரம் உள்ளவன் 'உனக்கு நன்மை உண்டாகும்படி' தேவனுடைய ஊழியக்காரனாக இருக்கிறான் என்று அதே அதிகாரத்தின் நாலாவது வசனம் சொல்கிறது. அதை விட்டுவிட்டு முதல் வசனத்தை மட்டும் ஓர் ஏழையின் முகத்துக்கு முன்னால் நீட்டுவது சரியில்லை. மூப்பர்களிடம் நான் நேரில் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

இன்னும் ஒன்று. நாடாளுமன்றம் போட்ட சட்டமும் அதிகாரம்தானே? தொழிலாளர் இலாகாவில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் தேவன் அனுமதித்த அதிகாரம்தானே? அடங்க வேண்டும் என்றால் முதலில் சின்னத் துரை அந்தச் சட்டத்துக்கு அடங்கட்டும். நீங்கள் லேபர் ஆபிசுக்குப் போவது அதிகாரத்தை எதிர்ப்பது ஆகாது. ஓர் அதிகாரம் தன் எல்லையைத் தாண்டும்போது இன்னோர் அதிகாரத்திடம் போகிறீர்கள், அவ்வளவுதான்.

பவுலே அப்படிச் செய்தவர். பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அவரையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் 'போகலாம்' என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் எழுந்து போய்விடவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அவர்கள் வந்தார்கள், கெஞ்சினார்கள். பிற்பாடு செசரியாவில் பெஸ்து என்ற தேசாதிபதியின் முன்னால் நின்றபோது, இராயனிடம் (ரோமப் பேரரசரிடம்) முறையிடுகிறேன் என்று தன் சட்ட உரிமையைப் பயன்படுத்தினார். ரோமர் 13-ஐ எழுதிய அதே மனிதர்தான் இதையெல்லாம் செய்தார்.

'சகோதரர்களுக்குள் வழக்கு கூடாது' என்பது 1 கொரிந்தியர் 6-இல் இருப்பது. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டதைப் பவுல் கண்டிக்கிறார். உங்கள் வேலைத் தகராறு தோட்டக் கம்பெனியோடு. சம்பளம் கொடுப்பது கம்பெனி, வீடு கொடுத்தது கம்பெனி, சட்டப்படி பதில் சொல்ல வேண்டியதும் கம்பெனி. சின்னத் துரை உங்கள் சபையில் உட்கார்ந்திருப்பதால் கம்பெனி உங்களுக்குச் சகோதரன் ஆகிவிடாது. அதோடு, அதே பகுதியில் பவுல் 'நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே' என்று அநியாயம் செய்பவனையும் திட்டுகிறார். பாதிக்கப்பட்டவனுக்கு மட்டும் அந்த வசனத்தைப் படித்துக் காட்டுவது என்ன நியாயம்?

ஆகவே, லேபர் ஆபிசுக்குப் போனால் விசுவாசம் இல்லாதவன் ஆகமாட்டீர்கள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு யாரை உதாரணமாகக் காட்டினார் என்று யோசித்துப் பாருங்கள். லூக்கா 18-இல் ஒரு விதவை. தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத ஒரு நியாயாதிபதியிடம் 'எனக்கு நியாயஞ்செய்யும்' என்று திரும்பத் திரும்பப் போய் நின்றவள். வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை அவர் காட்டவில்லை. உங்கள் மனைவி சொல்வது சரிதான், கர்த்தர் பார்த்துக்கொள்வார். நீங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவர் பார்த்துக்கொள்ளும் விதங்களில் ஒன்றாக இருக்கட்டும்.

இனி அந்த ஜெபம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது அதுதான்.

கோபத்தை ஆண்டவரிடம் கொண்டுபோனது தப்பில்லை. சங்கீதப் புத்தகத்தில் 58, 109 போன்ற சங்கீதங்களைப் படித்துப் பாருங்கள், உங்கள் ஜெபம் சாது என்று தோன்றும். வயிறு எரிந்தவர்கள் எரிச்சலோடுதான் ஜெபித்திருக்கிறார்கள். மகனுடைய கூட்டாளிகள் கையில் கொடுப்பதற்குப் பதிலாக அதை ஆண்டவர் கையில் கொடுத்தீர்களே, அதற்காக நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

ஆனால் நேபுகாத்நேச்சாரின் கதையை நீங்கள் புல்லோடு நிறுத்திவிட்டீர்கள். தானியேல் நாலாம் அதிகாரத்தை இன்னொரு தடவை பொறுமையாக வாசியுங்கள். ராஜாவின் சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்னவன் யார்? அந்த ராஜா எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவந்த தானியேல். ஊரையும் வீட்டையும் இழந்தவன். பழிதீர்க்க அவனைவிடக் காரணம் உள்ளவர் யார்? அர்த்தம் புரிந்ததும் அவன் சந்தோஷப்படவில்லை. கொஞ்ச நேரம் திகைத்து, கலங்கிப்போய் நின்றான். இது உம்முடைய பகைஞருக்குப் பலிக்கட்டும் என்றான். பிறகு, நீதியைச் செய்யும், ஏழைகளுக்கு இரங்கும், உம்முடைய வாழ்வு நீடிக்கலாம் என்று ஆலோசனை சொன்னான். ராஜாவுக்குத் திருந்த இடம் இருந்தது. பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் அவன் அரண்மனைமேல் உலாவிக்கொண்டு, என் வல்லமையால் நான் கட்டிய மகா பாபிலோன் இது என்று மார்தட்டினான். அந்தச் சொல் வாயில் இருக்கும்போதே தீர்ப்பு வந்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. குறித்த காலம் முடிந்தபோது அவன் கண்களை வானத்துக்கு ஏறெடுத்தான். புத்தி திரும்பி வந்தது, ராஜ்யமும் திரும்பி வந்தது. அந்த நாலாம் அதிகாரமே அவன் தேசத்தாருக்கெல்லாம் எழுதிய கடிதமாகத்தான் இருக்கிறது. அகந்தையாய் நடக்கிறவர்களைத் தாழ்த்த உன்னதமானவரால் முடியும் என்று தாழ்த்தப்பட்டவனே சாட்சி சொல்கிறான். தேவன் தம்முடைய அதிகாரத்தைக் காட்ட விரும்பியபோது பெருமைக்காரனை அழிப்பதோடு நிற்கவில்லை, அவனை மனுஷனாக்கித் திருப்பி அனுப்பினார். உங்கள் ஜெபத்தைக் கடைசி வசனம் வரைக்கும் நீட்டுங்கள். 'தாழ்த்தும் ஆண்டவரே, தாழ்த்தி, புத்தியைத் திருப்பிக் கொடும்' என்று கேளுங்கள். ஆரம்பத்தில் வாய் வராது. சொல்லச் சொல்ல வரும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒருவன் விழுந்துவிட்டால் மட்டும் நமக்கு விடிந்துவிடாது. நம் தோட்டங்களின் சரித்திரத்திலேயே அது இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று பல கோரிக்கைகள். துரைமாரும் கிராணிமாரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்ற உரிமையும் அவற்றில் ஒன்று. காசு செலவில்லாத கோரிக்கை, ஆனாலும் பெருமைக்காரர்களுக்கு அது உறுத்தியிருக்கும். தலைவர் ஆர். எச். நாதனை அன்றைய ஆங்கிலேய ஆட்சியாளர்கள் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் ஜப்பான்காரர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11 கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. யார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்ததோ அந்தத் துரைமார் பங்களாவைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெருமையின் ஆயுசு அவ்வளவுதான். ஆனால் அடுத்து வந்தவர்கள் நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதை போட லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கில் அங்கேயே மடிந்தார்கள். ஆகவே, 'இவன் போனால் போதும்' என்பது சின்ன ஜெபம். உங்கள் சின்னத் துரை நாளைக்கு மாற்றலாகிப் போகலாம், வருகிறவர் இவரைவிட மோசமாக இருக்கலாம். நியாயம் தங்க வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம், ஒரு வரி. 'வங்காளதேசத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள், அவன்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கும் நிலைமை எனக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏசியது சின்னத் துரை. சிரித்தவர்கள்மேலும் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, அது புரிகிறது. ஆனால் நீங்கள் மண்டோராக இருந்தபோது அந்தப் பையன்களை எப்படிக் கூப்பிட்டீர்கள்? குலையில் காய் கிடந்தால், உதிரி விட்டுப்போயிருந்தால், என்ன சொல் வந்தது உங்கள் வாயிலிருந்து? நான் பார்த்ததில்லை, அதனால் குற்றம் சாட்டவில்லை. கேள்வியாக மட்டும் வைக்கிறேன். கிள்ளான் தொழிலாளர்களின் கோரிக்கைகளில், கொடுமைசெய்யும் கிராணிகளை மாற்ற வேண்டும் என்பதும் இருந்தது. நம்மவரிடமும் கொஞ்சம் அதிகாரம் வந்தால் அதே நோய் வரும். அந்தப் பையன்கள் நம் பாட்டன்மார்போலக் கடல் தாண்டி வந்தவர்கள், பலர் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். நாளைக்குப் பெரட்டில் பக்கத்தில் நிற்பவனிடம் பேர் கேட்டுப் பேசிப் பாருங்கள். இப்போது நீங்களும் அவர்களோடு உதிரி பொறுக்குகிறீர்கள். 'பெரட்டில் இவரை ஏசினார்கள், நான் கேட்டேன்' என்று சொல்ல அவர்களில் ஒருவர் முன்வந்தாலும் உங்களுக்குப் பலம்.

திருவிருந்தை விட்டுத் தள்ளி நிற்காதீர்கள். அது முன்வரிசைக்காரரின் மேசை இல்லை. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு ஓரத்தில் இடமும் கொடுக்கும் சபையை யாக்கோபு எவ்வளவு கடுமையாகக் கேட்கிறார் என்று மூப்பர்கள் படிக்கட்டும். தேவனைத் துதிக்கிற நாவினாலே, தேவசாயலாக உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோமே என்று அடுத்த அதிகாரத்தில் அவர் வருந்துகிறார். பெரட்டில் 'கிழட்டு மாடு' என்று சொன்ன வாய் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறது. இதைச் சபை விசாரிக்க வேண்டும். மத்தேயு 18-இன்படி முதலில் நீங்கள் அவரிடம் தனியாகப் பேசுவதுதான் முறை. ஆனால் உங்கள் சோறு அவர் கையில் இருக்கிறது, அதனால் தனியாக அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம். உங்கள் போதகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சபைக் கட்டடத்தில், ஏசியதைப் பற்றி மட்டும் பேசுங்கள். வேலை விஷயத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். 'சரி தம்பி, மறந்துடு, கேஸையும் வாபஸ் வாங்கிக்கோ' என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டப் பார்ப்பார்கள். மன்னிப்பது வேறு, சட்டப்படி கிடைக்க வேண்டியதைக் கேட்பது வேறு. இரண்டையும் நீங்கள் செய்யலாம்.

அவரைப் பார்க்கும்போது பயமாக இருந்தால், பிலாத்துவுக்கு முன்னால் நின்ற இயேசுவை நினைத்துக்கொள்ளுங்கள். 'உன்னை விடுதலையாக்கவும் எனக்கு அதிகாரம் உண்டு, சிலுவையில் அறையவும் உண்டு, தெரியாதா' என்று கேட்டான் பிலாத்து. மேலேயிருந்து கொடுக்கப்படாமல் என்மேல் உமக்கு ஒரு அதிகாரமும் இராது என்று அவர் அமைதியாகச் சொன்னார். கத்தவும் இல்லை, காலில் விழவும் இல்லை. சின்னத் துரையின் முன்னால் நீங்களும் அப்படி நிற்கலாம். வணக்கம் சொல்லுங்கள், கொடுத்த வேலையைச் சரியாகச் செய்யுங்கள், ஏசினால் தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வழக்கு உங்கள் பக்கம் முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும் எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள், அதே மூச்சில், விடுவிக்காமற்போனாலும் வணங்க மாட்டோம் என்றார்கள். நீங்கள் தோற்றாலும் அந்த மனிதர் உங்களுக்குத் தெய்வம் ஆகிவிட மாட்டார்.

மகனிடம் சொல்லுங்கள், ஓர் அடி விழுந்தால் அன்றைக்கே எல்லாம் தலைகீழ். அவன் லாக்கப்பில் இருப்பான், சின்னத் துரை பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார், நீங்கள் பட்டதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். படிவங்கள் மலாயில் இருக்கும், அவன் நிரப்பட்டும். கிடைக்கும் சம்பளச் சீட்டுகள், மண்டோராக நியமித்த கடிதம், சேமநிதி அறிக்கை, அடையாளக் கார்டின் நகல் எல்லாவற்றையும் அவன் ஒரு கோப்பில் அடுக்கட்டும். நீட்டிய தாளை ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் நீங்கள் உறுப்பினராக இருந்தால் முதலில் அவர்களைப் பாருங்கள், பிறகு மூன்று பேருமாக லேபர் ஆபிசுக்குப் போங்கள். மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். அவருக்கும் அதிகாரியிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.